உப்புக்காற்றில் எலெக்ட்ரிக் கிற்றார் சேர்ப்பவருக்கு

மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோயில் பஜனையிலும் கூட்டாளிமாரின் கலியாண வீடுகளிலும் பல காலமாக அக்குஸ்டிக் கிற்றார் வாசிக்கிறவராம். இப்போது கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது, எலெக்ட்ரிக் கிற்றார்கள் வாங்கிச் சேர்க்க ஆசை. எதில் தொடங்குவது, பழைய கிற்றார் வாங்கினால் பின்னுக்கு விலை ஏறுமா, கடற்கரையோரத்தில் இவற்றைப் பழுதாகாமல் எப்படி வைத்திருப்பது, ரொறன்ரோவில் உள்ள மாமா அனுப்பத் தயாராக இருக்கும் பழைய கிப்சன் கிற்றாரையும் அதன் ஒலியைப் பெருப்பிக்கும் அம்பையும் எடுப்பதா விடுவதா என்று நாலு கேள்வி.

மூன்றாவது கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். மற்றதுகளுக்கான மறுமொழியில் பாதி அதற்குள்தான் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் கிற்றார் சேர்க்கிறவன் பாதி நேரம் வாத்தியக்காரன், பாதி நேரம் மெக்கானிக். குறடும் திருகாணிச் சாவியும் பிடிக்க விருப்பம் இல்லையென்றால் நல்லதாக ஒன்றை வாங்கி வாசித்துக்கொண்டு சந்தோஷமாக இருங்கள், தம்பி. சேர்க்க வெளிக்கிட வேண்டாம்.

கல்லடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. புதிதாகப் போட்ட கம்பி சில கிழமைகளிலேயே விரலுக்குச் சொரசொரக்கத் தொடங்கிவிடும். தடித்த மூன்று கம்பிகளிலும் மேலே சுற்றியிருப்பது நிக்கல் பூசிய உருக்கு, கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மெல்லிய மூன்றிலும் தகரப்பூச்சு மட்டும்தான், முதலில் துருப்பிடிப்பது அதுகள். வாசித்து முடிந்ததும் பழைய சாரத் துண்டொன்றால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் பிடித்துத் துடைத்தால் அதன் ஆயுள் கூடும். மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம் பூசிய கம்பிகள் விலை கூட. கொழும்பில் இருப்பவனுக்கு அது ஆடம்பரம், எங்களுக்குச் சிக்கனம்.

கம்பியை மாற்றலாம். ஆணிதான் உண்மையான தலையிடி. ஃபென்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராற்றோகாஸ்டர் வகைக் கிற்றாரில், கம்பிகள் உடலில் வந்து நிற்கும் பிறிட்ஜில், கம்பிக்கு ஒன்றாகத் தாங்கும் ஆறு சேடில் இருக்கும், ஒவ்வொன்றிலும் உயரத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு குறுணி ஆணிகள். ஒரு மாரிக்கு அப்படியே விட்டால் பன்னிரண்டும் இறுகிவிடும். பெலத்தைக் காட்டித் திருகினால் சாவி சுழன்று ஆணியின் குழி வட்டமாகிப் போகும், பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். முதலில் துரு இளக்கும் எண்ணெயை ஊசி முனையால் ஒரு சொட்டு விட்டு ஒரு இரவு வையுங்கள். அடுத்த நாள் ஈயம் ஒட்டும் கோலின் சூடான முனையை அந்த ஆணியின் தலையில் கொஞ்ச நேரம் பிடியுங்கள். சூட்டில் துரு பிளக்கும். பிறகு கழற்றும் திசைக்கு முதல், இறுக்கும் திசைக்கு ஒரு மயிரிழை திருப்புங்கள். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் வென்றீர்கள். சாவியிலும் கவனம் வேண்டும். ஜப்பான், இந்தோனேசியா, சீனக் கிற்றார்களுக்குப் பெரும்பாலும் 1.5 மில்லிமீற்றர், அமெரிக்க ஃபென்டருக்கு அங்குலக் கணக்கில் 0.050. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மாறிப் போட்டால் குழி போச்சு.

அடுத்தது மரம். வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் கச்சான் காற்று அடிக்கும்போது வீட்டுக் கதவுகள் சுருங்கி இடைவெளி விடும், ஐப்பசி மழையோடு அதே கதவுகள் இறுகிச் சாத்த ஏலாமல் போகும். கிற்றாரின் கழுத்தான நெக்கும் மரம்தானே. கச்சானில், விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர்போர்ட் குறுக்காகச் சுருங்கி, அதில் பதித்த உலோகக் கீற்றுகளான ஃப்ரெட்டுகளின் முனைகள் வெளியே துருத்தும், கையை ஓட்டினால் கீறும். மெல்லிய அரத்தால் தேய்க்கலாம், ஆனால் பருவம் மாறும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டுத் தேய்ப்பது நல்லது. நெக்கின் வளைவும் மாறும். மழைக்கு முன்னுக்கு வளையும், வெயிலுக்குப் பின்னுக்கு வளையும் என்று எல்லாருக்கும் ஒரே விதி சொல்லுகிறவர்களை நம்ப வேண்டாம். மரத்துக்கு மரம் வேறு. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளக்கக் கருவி ஒன்றும் தேவையில்லை. ஆறாவது கம்பியை முதலாவது ஃப்ரெட்டில் ஒரு விரலாலும் கடைசி ஃப்ரெட்டில் மறு கை விரலாலும் அழுத்திப் பிடியுங்கள். இப்போது அந்தக் கம்பியே அடிமட்டம். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் இருக்கும் இடத்தில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் பத்தாம் நம்பர் மெல்லிய கம்பித் துண்டொன்று மட்டுமட்டாக நுழைய வேண்டும். அது 0.25 மில்லிமீற்றர். கூட இடைவெளி என்றால் நெக்குக்குள் ஓடும் உருக்குக் கோலான ட்ரஸ் ரொட்டை வலப்பக்கம் கால் சுற்று இறுக்குங்கள், இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கம் கால் சுற்று. அதோடு நிறுத்தி, ஒரு நாள் விட்டு, திரும்ப அளந்து பாருங்கள். நான் வருஷத்துக்கு இரண்டு தரம், கச்சான் தொடங்கும்போதும் மழை விழும்போதும், எல்லாக் கிற்றாரையும் கட்டிலில் வரிசையாகக் கிடத்தி இதைச் செய்வேன். மனிசி அந்த இரண்டு நாளும் என்னோடு கதைக்க மாட்டா.

மாரியில் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே வைத்தால் உப்பு. நான் பெட்டிக்குள்தான் வைக்கிறேன். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, கிழமைக்கு ஒருக்கால் திறந்து வாசித்துவிட்டு மூடுவேன். ஸ்டாண்டில் நிறுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிப்சன் போன்றவற்றில் அடிக்கும் நைட்ரோ செலுலோஸ் வார்னிஷ் ஸ்டாண்டின் றப்பரோடு ஒட்டி இளகி அடையாளம் வைக்கும். எங்கள் வெயிலில் அது இன்னும் கெதியாக நடக்கும். பருத்தித் துணி சுற்றுங்கள். மலிவான கிற்றார்களில் இருக்கும் பொலியூரத்தேன் பூச்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. பணக்காரக் கிற்றாரை விட ஏழைக் கிற்றார் எங்கள் ஊருக்குப் பொருத்தம் என்று நான் சொல்லுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2004 சுனாமிக்குப் பிறகு டச்பார் பக்கத்தில் ஒரு வீட்டில் இருந்து கடல்நீரில் கிடந்த கிற்றார் ஒன்று என்னிடம் வந்தது. அப்படி ஒன்று கைக்கு வந்தால் வெயிலில் காய வைப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் நீர் போய் உப்பு உள்ளேயே தங்கிவிடும், பிறகு ஒவ்வொரு மழைக்கும் அந்த உப்பு ஈரத்தை இழுக்கும். முதலில் எல்லாவற்றையும் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், பிறகு நிழலில் நாட்கணக்காகக் காய விட வேண்டும். அந்தக் கிற்றாரின் உடலும் நெக்கும் பிழைத்தன. பிக்கப் பிழைக்கவில்லை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி 0.06 மில்லிமீற்றர் தடிப்புள்ள, எனாமல் பூசிய செப்புக்கம்பியை ஏழாயிரம் எட்டாயிரம் சுற்றுச் சுற்றியது. எங்கேயாவது ஓரிடத்தில் பச்சை பிடித்து அறுந்தால் முழுவதும் ஊமை.

இனி, எதில் தொடங்குவது. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், ஒலியைப் பார்த்து வாங்குங்கள். எலெக்ட்ரிக் கிற்றார் உலகத்தில் பெரிய பிரிவு இரண்டுதான். ஒரு கொயில், அதாவது ஒரு கம்பிச்சுருள், உள்ள பிக்கப் ஒரு பக்கம், இரண்டு கொயில் உள்ள ஹம்பக்கர் மறுபக்கம். கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடும், அந்த ஆட்டம் கொயிலில் சிறு மின்சாரத்தை உண்டாக்கும், அம்ப் அதைப் பெருப்பிக்கும். ஆனால் அந்தக் கொயில் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். ரியூப்லைட்டுக்குக் கிட்ட நின்றால் கேட்கும் அந்த 'ம்ம்ம்' அதுதான். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் இதற்கு வழி கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு கொயில்களை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் மாற்றி வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று தின்னும், கம்பியின் ஒலி கூடும். 1957இல் அது லெஸ் போல் கிற்றாரில் ஏறியது. ஒலி தடித்தது, இனித்தது, கொஞ்சம் கூர்மை போயிற்று. அந்தக் கூர்மை வேண்டுமென்றே இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுகிற கூட்டம் இன்றைக்கும் இருக்கிறது. நானும் அதில் ஒருவன்.

முதலாவதாக டெலிகாஸ்டர் வகை ஒன்று எடுங்கள். ஃபென்டர் 1950இல் புறோட்காஸ்டர் என்று விட்டது. கிரெட்ச் நிறுவனத்தின் டிரம்ஸுக்கு அதே ஓசையில் பெயர் இருந்ததால் 1951இல் டெலிகாஸ்டர் ஆயிற்று. லியோ ஃபென்டர் கலிபோர்னியாவில் றேடியோ திருத்திக்கொண்டிருந்தவர், கிற்றார் வாசிக்கத் தெரியாது. திருத்துகிறவன் செய்த சாமான் என்பது அதன் ஒவ்வொரு மூலையிலும் தெரியும். நெக் நாலு ஆணியில் நிற்கிறது, கழற்றினால் கையில் வரும். வயரிங் முழுவதும் ஒரு தகட்டின் கீழே. ஆடும் பிறிட்ஜ் இல்லை. துருப்பிடிக்க இருக்கும் சாமான்களே குறைவு. ஃபென்டர் என்று எழுதியிருக்க வேண்டியதில்லை. ஃபென்டரின் மலிவு வகையான ஸ்குவையர் போதும், யமஹாவின் பசிஃபிகாவில் ஆடாத பிறிட்ஜ் உள்ளதும் போதும். ஜப்பானில் இருந்து பாவித்த சாமான் இறக்குகிற கடைகளில் சில வேளை பழைய ஜப்பான் கிற்றார்களும் வரும். கண்ணில் பட்டால் விடாதீர்கள். 1970களில் அவர்கள் அமெரிக்கக் கிற்றார்களை அவ்வளவு நன்றாக நகல் எடுத்தார்கள், 1977இல் கிப்சனின் தாய் நிறுவனம் ஜப்பான் கிற்றாரான ஐபனீஸின் அமெரிக்க விநியோகஸ்தரை நீதிமன்றத்துக்கு இழுத்தது. வழக்கு தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றியது.

இரண்டாவது, ஹம்பக்கர் உள்ளதாக ஒன்று, கிப்சனின் மலிவு வகையான எபிபோனில் பார்க்கலாம். ஃபென்டரில் கம்பியின் நீளம் 648 மில்லிமீற்றர், கிப்சன் வகையில் அண்ணளவாக 628. அந்த இரண்டு சென்றிமீற்றரில் கம்பி தளர்ந்து கைக்கு இலகுவாக வரும். திருவிழா மேடையில் நாதஸ்வரம் போகும் இடத்தில் கமகம் பிடிக்க இது லேசு. ஒன்பதாம் நம்பர் மெல்லிய கம்பி போட்டு, ஒரே கம்பியில் இழுத்தும் வழுக்கியும் பழகுங்கள். மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளும் எலெக்ட்ரிக் பிக்கப்பும் எடுத்ததற்குப் பின்னாலும் இதே தேவைதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரட்டைக் கம்பியில் கமகம் இழுக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை.

மூன்றாவது உங்கள் விசர். அதற்கு நான் ஆலோசனை சொல்ல மாட்டேன். கம்பிகளைப் பூட்டிப் பிடிக்கும் ஆடும் பிறிட்ஜ், அதாவது பூட்டு ட்றெமலோ, உள்ளதை மட்டும் எடுக்க வேண்டாம். அதில் உள்ள சின்ன உருக்குச் சாமான்களைப் பார்த்தால் எங்கள் ஊர்க் காற்றுக்கு வாயூறும்.

என்னுடைய விசரைச் சொல்லுகிறேன். என்னிடம் இருப்பவற்றில் நான் ஆகக் கூட வாசிப்பது பெயரே இல்லாத ஒன்று, மட்டக்களப்பில் செய்தது. ஐரோப்பிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரில் பலர் பரம்பரையாகத் தச்சுவேலையும் இரும்புவேலையும் செய்தவர்கள். கலியாண வீட்டில் கப்ரிஞ்ஞா ஆடத் தொடங்கினால் வயலினும் கிற்றாரும் கையில் எடுக்கிறவர்களும் அவர்கள்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் பக்கத்துத் தச்சர் அங்கிள் ஒருவர் கிற்றாரைப் பழைய வால்வு றேடியோவில் கிராமபோன் செருகும் துளைக்குள் கொடுத்து வாசிப்பார். றேடியோ திணறிக் கரகரத்து ஒரு ஒலி வரும், இன்றைக்குக் காசு கொடுத்து டிஸ்டோர்ஷன் பெடல் வாங்கி எடுக்கிற ஒலி. நீங்கள் அதைச் செய்து பார்க்க வேண்டாம். சில வால்வு றேடியோக்களில் உள்ளே உள்ள இரும்புத்தட்டே நேரடியாக மின்சாரத்தில் நிற்கும், கிற்றார்க் கம்பியைத் தொட்டவன் எழும்ப மாட்டான்.

அந்த அங்கிள்தான் பிற்காலத்தில் எனக்கு இந்தக் கிற்றாரைச் செய்து தந்தார். உடல் மஹோகனி. பழைய அலுமாரி ஒன்றின் பலகை, இரண்டை ஒட்டியது. கிப்சன் தேடித் தேடி வாங்குகிற அதே மரத்தில் எங்கள் வீடுகளில் கதவும் அலுமாரியும் நிற்கிறது. ஃபிங்கர்போர்ட் கருங்காலி, உடைந்த பழைய கதிரையின் சட்டத்தில் இருந்து அறுத்தெடுத்தது. இலங்கைக் கருங்காலி வாத்தியம் செய்கிறவர்கள் உலகமெங்கும் மதிக்கிற மரம். இன்றைக்கு அதைக் கச்சா மரமாக வெளிநாட்டுக்கு விற்கத் தடை. பிக்கப் மட்டும் வெளியில் இருந்து வந்தது.

ஃப்ரெட் எங்கே வைப்பது என்பதுதான் அவருக்கு யோசனையாக இருந்தது. கணக்கைக் கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். கம்பி நீளம் 648. அதை 17.817ஆல் பிரித்தால் 36.37. அது முதலாவது ஃப்ரெட். மிஞ்சிய 611.63ஐத் திரும்பவும் 17.817ஆல் பிரித்தால் 34.33, அது இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாக நடுவில், 324இல் விழ வேண்டும். விழுந்தால் கணக்குச் சரி. அங்கிள் மற்ற எதையும் நம்பவில்லை. பன்னிரண்டாவது நடுவில் விழுந்ததைக் கவராயத்தால் அளந்து பார்த்துவிட்டுத்தான் மரம் அறுக்கும் வாளை எடுத்தார். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாக்கும் இந்தப் பங்கீட்டில் ஒரு நட்டம் இருக்கிறது. அந்தர காந்தாரம் இயற்கையான இடத்தை விடக் கொஞ்சம் கூட நிற்கும். ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் 14 பங்கு. தம்பூராவோடு வாசித்தால் காது கண்டுபிடித்துவிடும். காரைதீவில் பிறந்து கல்லடி உப்போடையில் அடக்கம் செய்யப்பட்ட விபுலாநந்த அடிகள் 1947இல் வந்த யாழ் நூலில் பழந்தமிழ் யாழ்களின் சுருதிக் கணக்கை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தார். அந்த மண்ணில் இருந்துகொண்டு காந்தாரத்தை இப்படிப் பிழையாக வாசிக்கிறோமே என்று எனக்கு இடைக்கிடை ஒரு கூச்சம் வருவது உண்டு. கம்பியை ஃப்ரெட்டுக்குப் பின்னால் மெதுவாக அமத்தினால் அந்தப் பிழை இன்னும் பெருகாது, அவ்வளவுதான் செய்யலாம்.

விலை ஏறுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லுகிறேன், உங்களுக்கு ஏறாது. 2019இல் நியூயோர்க் ஏலத்தில் பிங்க் ஃபிளொய்ட் இசைக்குழுவின் கிற்றார்க் கலைஞர் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராற்றோகாஸ்டர் 39 இலட்சம் டொலருக்கு மேல் போனது, அது அந்த மனுசனின் கைக்குக் கொடுத்த விலை. 1958 தொடங்கி 1960 வரை கிப்சன் செய்த சன்பர்ஸ்ட் லெஸ் போல்கள் இன்றைக்கு இலட்சக்கணக்கான டொலர். அந்த நாளில் விற்பனை மோசம் என்று கிப்சன் அந்த வடிவத்தையே கைவிட்டது. எது ஏறும் என்று செய்தவனுக்கே தெரியவில்லை. எங்கள் நாட்டில் 2022இல் டொலர் இருநூறில் இருந்து முந்நூற்று அறுபதுக்குப் பாய்ந்தபோது என்னிடம் கிடந்த எல்லாவற்றுக்கும் ரூபாயில் விலை ஏறியது உண்மை. அது கிற்றாரின் மதிப்பு ஏறியதல்ல, காசின் மதிப்பு இறங்கியது. அதற்குத் தங்கம் போதும், தங்கம் துருப்பிடிக்காது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அம்பின் பிளக்கில் ஏர்த் முனையை ஒருபோதும் கழற்ற வேண்டாம். இரைச்சல் குறைகிறது என்று சிலர் செய்வார்கள். கோயில் மேடையில் ஜெனரேற்றரில் இருந்து அம்புக்கு ஒரு வயர், மைக்குக்கு இன்னொரு இடத்து வயர் என்று வந்தால், கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்ட அந்தக் கணம் அடிக்கும். இரண்டையும் ஒரே போர்டில் இருந்து எடுக்கச் சொல்லுங்கள், ட்ரிப் சுவிச் இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கத் தொடங்க முதல் கம்பியில் கை வைத்துக்கொண்டு புறங்கையால் மைக்கைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. உள்ளங்கையால் தொட்டால் மின்சாரம் கையை இறுக்கிப் பிடித்துவிடும்.

மாமாவின் சாமான்களுக்கு வருவோம். அம்பை விட்டுவிடுங்கள். கனடா 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நேரே செருகினால் ஒரு நொடியில் புகை. ஸ்ரெப்டவுன் ட்ரான்ஸ்போமர் போட்டுப் பாவிக்கலாம். ஆனால் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த ட்ரான்ஸ்போமர் 50இல் கூடுதலாகச் சூடாகும், பாரமோ சொல்லத் தேவையில்லை. பின்பக்கத்தில் வோல்டேஜ் மாற்றும் தெரிவு இருந்தால் மட்டும் யோசிக்கலாம். இல்லையென்றால் மாமா அங்கேயே விற்று அந்தக் காசை அனுப்பட்டும்.

கிப்சன் வேறு கதை. முதலில் அது கிப்சன்தானா என்று பார்க்க வேண்டும். நெக்கின் தலையில் உள்ள சின்ன மூடியில் கிப்சனில் பொதுவாக இரண்டு ஆணி, போலிகளில் அடிக்கடி மூன்று. அடுத்து, தலை உடைந்து ஒட்டியதா என்று பார்க்க வேண்டும். கிப்சனின் தலை பின்னுக்குச் சரிந்து நிற்கும், பெரும்பாலும் நெக்கோடு ஒரே மஹோகனித் துண்டு. ட்ரஸ் ரொட்டுக்காகக் குடைந்த இடத்தில்தான் அது ஆக மெலிவு. ஒருக்கால் விழுந்தால் அங்கேதான் வெடிக்கும். ஒட்டியது பிழையில்லை, வாசிக்க நன்றாகவே இருக்கும், விலைதான் பாதி. மூன்றாவது, மிகப் பழையது என்றால் ஃபிங்கர்போர்ட் பிரேசில் ரோஸ்வூட்டாக இருக்கலாம். மற்ற ரோஸ்வூட் வாத்தியங்களுக்கு இருந்த சர்வதேசக் கட்டுப்பாட்டை 2019இல் தளர்த்தினார்கள், பிரேசில் மரத்துக்கு இல்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அனுப்பினால் சுங்கத்தில் மாட்டும்.

மாமாவுக்கு நேரம் இருக்கும்போது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தலையின் முன்புறமும் பின்புறமும், அந்தச் சின்ன மூடியைக் கழற்றி உள்ளே, பகல் வெளிச்சத்தில் நெக்கும் தலையும் சேரும் இடத்தின் பின்பக்கம், பிறகு பின்னாலுள்ள பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி வயரிங். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்குக் கீழே உள்ள பொட் எனும் பாகங்களின் முதுகில் குத்தியிருக்கும் இலக்கங்களை வாசிக்கத் தெரிந்தால் செய்த வருஷத்தை ஓரளவு சொல்லலாம். அந்தப் படம் கலங்காமல் இருக்க வேண்டும். வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்லுகிறேன்.